தாரை வார்த்த தண்ணீர்

பங்குனி பதினெட்டாம் தேதி காலையில் மங்கம்மாள் மேல்படிக் கழனியில் இறங்கியபோது கால் கட்டைவிரல் முழுசாக வெடிப்புக்குள் போனது. முந்தாநாள் சுண்டுவிரல்தான் போயிருந்தது. குனிந்து ஒரு கதிரை இழுத்து ஒரு மணியை நகத்தால் கிள்ளினாள். வெள்ளையாக ஒரு சொட்டுப் பால் வந்தது.

"இன்னும் உசுரு கீது" என்று சொல்லிக்கொண்டாள்.

பால் பிடித்த நெல்லுக்குப் பத்து நாள் தண்ணீர் காட்டினால் போதும், மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும். அவள் தலைக்கு மேலே நாலு முழ உயரத்தில் வாய்க்கால் ஓடிக்கொண்டிருந்தது. சத்தம்கூடக் கேட்டது. மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டினால் படிப்படியாக இறங்கிவிடும். ஆனால் மடை இருந்த இடத்தைக் கல் வைத்து, சிமெண்டு பூசி அடைத்திருந்தார்கள். மாசியில் ஓடை மெலிந்தபோது ஊர் சொல்லி அடைத்தது. கரணை பிடித்துப் பூசியவன் அவள் புருஷன் சிங்காரம்.

கழனி என்றால் கீழ்நாட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். மலைச்சரிவில் கல் அடுக்கி வரப்புக் கட்டிய ஏழு படிகள், மொத்தம் அரை ஏக்கர் தேறும். கடுக்காய்க்கொல்லையில் நெல் விளையும் இடம் இரண்டே இரண்டு. மேலே சிங்காரத்தின் ஏழு படி. எழுபதடி பள்ளத்தில், ஓடையோரமாக, மங்கம்மாளின் அண்ணன் பாண்டுரங்கனின் துண்டு. மற்றவர்களுக்கு வானம் பார்த்த கொல்லைகள், சாமையும் கேழ்வரகும். போன ஐப்பசியில் மழை பொய்த்ததில் அந்தச் சாமை முழங்கால் உயரத்திலேயே கருகியது. ஊரே புளி உலுக்கியும் காட்டுக்கிழங்கு தோண்டியும் காலம் தள்ளிக்கொண்டிருந்தது. சிங்காரம் வீட்டுக் குதிரில் மங்கம்மாள் கேழ்வரகு அள்ளும்போது நகத்தில் அடிமண் தட்டத் தொடங்கிப் பத்து நாளாகிறது. அடுத்து அந்தக் குதிருக்குள் போக வேண்டியது இந்த நவரை நெல்தான். வேறு எதுவும் இல்லை.

வரப்பில் வைத்திருந்த கஞ்சித் தூக்கை எடுத்துக்கொண்டு சக்கர வீட்டுக்கு இறங்கினாள்.

சக்கர வீடு என்பது ஊர் வைத்த பெயர். வேலூரில் ஏதோ ஒரு சங்கம் நடத்துகிறவர்கள் இரண்டு வருஷம் முன்பு கட்டியது. ஓடைத் தண்ணீரைச் சிங்காரத்தின் பாட்டன் வெட்டிய வாய்க்கால் வழியாகவே கொண்டுபோய், கழனிக்கு அப்பால் ஒரு தொட்டியில் நிரப்பி, அங்கிருந்து இரும்புக் குழாயில் எழுபதடி கீழே தள்ளுவார்கள். விழுகிற வேகத்தில் சக்கரம் சுற்றும். பள்ளிக்கூட விடுதியில் அறுபது பிள்ளைகளுக்கும், நர்ஸ் காந்தா மருந்து வைக்கும் குளிர்பெட்டிக்கும், பன்னிரண்டு தெருவிளக்குக்கும், வீட்டுக்கொரு பல்புக்கும் அதிலிருந்துதான் கரண்ட். கோடையில் தொட்டி நிரம்பப் பகல் முழுக்க ஆகும். பொழுது சாய்ந்து நாலு மணி நேரம் ஓடும். பலகையைத் தூக்கித் தண்ணீரைத் திறந்துவிடும் வேலை சிங்காரத்துக்கு.

அன்று சக்கர வீட்டு வாசலில் ஜீப் நின்றது. இன்ஜினியர் அருணகிரி வந்திருந்தார். முப்பது வயசு, வேலூர்க்காரர். மலைக்கு வரும்போதெல்லாம் விடுதிப் பிள்ளைகளுக்கு பென்சில் வாங்கிவருவார். சக்கரத்துக்கு கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தவர் அவளைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"வாங்கம்மா. பயிர் எப்பிடி இருக்கு?"

"பயிரா? போய்ப் பாருங்க சார். கால் வெச்சா கால் உள்ள போவுது. பாம்புக்குத்தான் அந்தக் கழனி."

சிங்காரம் தலையைக் குனிந்துகொண்டு கஞ்சியை வாங்கிக்கொண்டான்.

"ஒண்ணு கேக்கறேன் சார், சிரிக்கக் கூடாது" என்றாள் மங்கம்மாள். "தண்ணியை நாங்க எடுத்துக்க மாட்டோம், ஒரு சொட்டு கொறையாம ஓடையிலயே வுட்ருவோம்னு அன்னிக்கி சொன்னீங்க."

"ஆமா. இன்னிக்கும் அதேதான். சக்கரம் தண்ணியைக் குடிக்கறதில்லம்மா. அது வுழுவுற வேகத்தை மட்டுந்தான் எடுத்துக்குது."

"வுடறீங்க. எங்க வுடறீங்க? எங்கண்ணன் கழனித் தலைமாட்டுல. என் கழனி மேல குந்திக்கினு கீது. தண்ணி மேல ஏறுமா?"

அருணகிரி அண்ணாந்து மேல்படியைப் பார்த்தார். எழுபதடி உயரத்தை விற்று வந்ததுதான் அந்த வெளிச்சம் என்பது அவருக்குத் தெரியும். கணக்குப் போட்ட காகிதத்தில் அந்த உயரத்துக்கு ஒரு பெயர் இருந்தது. அந்த உயரத்தின் நடுவில் ஏழு படி நெல் இருந்ததைக் காகிதம் எழுதிக்கொள்ளவில்லை. முதல் இரண்டு வருஷம் ஓடை இரண்டுக்கும் போதுமாக ஓடியது. யாருக்கும் நினைக்கத் தோன்றவில்லை.

"இந்தக் கரண்டை வெச்சே ஒரு மோட்டார் போட்டு மேல தூக்க முடியாதா?"

"தூக்கலாம். நாலு குடம் கீழ வுழுந்தா ஒரு குடம் மேல ஏறும். அதுக்கே மொத்தக் கரண்டும் பூடும். வெளக்குக்கு ஒண்ணும் மிஞ்சாது."

"அந்த ஒரு கொடத்தையாச்சும் குடுங்களேன்."

"மோட்டார் வேணும், பைப் வேணும். எழுதிப் போட்டா ஆறு மாசம் ஆவும்மா."

"ஆறு மாசத்துல நெல்லா நிக்கும்? நாங்களே நிப்பமோ இன்னமோ."

குளிர்பெட்டிக்கு எப்போது கரண்ட் வரும் என்று கேட்க வந்திருந்த நர்ஸ் காந்தா திண்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "அந்த டீசல் இஞ்சின் இன்னாச்சு சார்? ஆஸ்பத்திரிப் பின்னால துருப்பிடிச்சிக் கெடக்குதே" என்றாள்.

"டீசலுக்கு ஒடுகத்தூர் போவணும் சிஸ்டர். மழை பேஞ்சா ரோடு இல்ல, ரோடு இருந்தா டீசல் இல்ல. இப்ப பங்க்ல ரெண்டு நாளா நிக்கிறானுங்க."

"கீழேர்ந்து கம்பி இழுக்கறாப்பல சொன்னாங்களே?"

"அமிர்தி வரைக்கும் கம்பம் நிக்குது. மேல வர்றதுக்குக் காட்டுல எட்டு மைல் மரம் வெட்டணும், பாரஸ்ட்ல வுட மாட்டாங்க. வந்தாலும் இன்னா? கீழயே பாதி நாள் கரண்ட் கட்டு. மேட்டூர்ல தண்ணி இல்ல. நெய்வேலியில மண்ணைத் தோண்டி, கரியை எரிச்சி, அதுல ஓட்டிக்கினு இருக்காங்க. அதுக்கும் எத்தினி ஊரைக் காலி பண்ணாங்களோ." அவர் கிரீஸ் டப்பாவை மூடினார். "எதுலருந்து எடுத்தாலும் யாரோ ஒருத்தன் வூட்லருந்துதான் எடுக்கணும் போலக் கீது."

"அது எங்க வூடாப் பூட்ச்சி" என்றாள் மங்கம்மாள்.

பிறகு காந்தாதான் சொன்னாள். "சார், என் பெட்டியைப் பாக்காதீங்க. போலியோ சொட்டு மருந்தும் பாம்புக்கடி ஊசியும் எட்டு புட்டிதான் கீது. ஐஸ் டப்பால வெச்சி ஒடுகத்தூர் ஆஸ்பத்திரியில குடுத்துட்டு வந்துர்றேன். பத்து நாள்தான? பாம்பு அதுவரைக்கும் பொறுத்துக்கட்டும்."

அருணகிரியின் முகம் தெளிந்தது. "அப்ப மூடிடலாம். பத்து நாள் தண்ணி முழுக்கக் கழனிக்கு. எனக்கு ஆட்சேபணை இல்ல சிங்காரம். ஊர்ல ஒரு வார்த்தை கேட்டுடுங்க. சங்கத்துல ஊர் ஒத்துக்கிச்சான்னு கேப்பாங்க."

சிங்காரம் கஞ்சித் தூக்கைக் கீழே வைத்தான். அவன் முகம் தெளியவில்லை. அவனுக்கு ஊரைத் தெரியும்.

*

விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கோயில் வாசலில் ஊர் கூடியது. கம்பத்தில் தெருவிளக்கு மஞ்சளாக எரிந்தது. சிங்காரம்தான் பலகையைத் தூக்கிவிட்டு ஓடிவந்திருந்தான். பெண்கள் மடியில் புளியை வைத்துக்கொண்டு கொட்டை எடுத்தபடியே உட்கார்ந்தார்கள். ஊர்க்கவுண்டர் கோபால்சாமி துண்டை உதறிப் போட்டுக் குந்தினார்.

"சொல்லு சிங்காரம்."

"பத்து நாளுதாங்க கவுண்டரே. பால் முத்தினதும் பழையபடி வுட்டுர்றேன். இல்லன்னா குதிர்ல போட எனக்கு ஒரு மணி இல்லீங்க."

"லைட்டு இல்லாங்காட்டி கரடி வூட்டுக்குள்ள வருமேப்பா" என்றாள் ராணியம்மாள். "போன மாசம் ரெண்டு நாள் சக்கரம் நின்னுச்சே, என் வூட்டு வாசல்ல வந்து பலாக்கொட்டை தின்னுட்டுப் போச்சு. என் புருசன்னு நெனச்சிக் கதவைத் தொறந்துட்டேன்."

கூட்டம் சிரித்தது. "அவனுக்கும் அதுக்கும் இன்னாமே வித்தியாசம்?" என்று ஒரு குரல் வந்தது. கோபால்சாமி சிரிக்கவில்லை.

"கரடி கெடக்கட்டும். சிங்காரம், இந்தத் தண்ணியை நீ எப்பிடிக் குடுத்த?"

சிங்காரம் தரையைப் பார்த்தான்.

"சொல்லுப்பா."

"தாரை வாத்துங்க."

"ஆங். அதைச் சொல்லு."

அருணகிரி முன்னால் வந்தார். "கவுண்டரே, அது தொறப்பு விழாவுக்காகச் செஞ்ச சடங்கு. சங்கத்துக்கு அதெல்லாம் கணக்கே இல்ல. நாங்க திருப்பிக் குடுக்கத் தயாரா இருக்கோம்."

"உங்களுக்குச் சடங்கு சார். எங்களுக்கு அதான் பத்திரம்." கோபால்சாமியின் குரல் உயரவில்லை. "இந்த மலையில எந்தக் கொல்லைக்குக் காகிதம் கீது, காட்டுங்க? பாட்டன் தாரை வாத்தான், அப்பன் உழுதான், நான் உழுவுறேன். பொண்ணு குடுத்தாலும் மாடு குடுத்தாலும் அதான். ஒருத்தன் இன்னிக்கி திருப்பி வாங்கலாம்னா, நாளைக்கு அவனவன் பாட்டன் வாத்த கொல்லையைக் கேப்பான். அப்பால யாருக்கு எது நிக்கும்? இந்த சிங்காரம் கழனியே அவன் பாட்டனுக்கு ஒருத்தன் வாத்துக் குடுத்ததுதான்."

கூட்டத்தில் ஒரு முனகல் ஓடியது. அது ஒப்புக்கொள்கிற முனகல்.

"அதும் எப்ப கேக்கறான்?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "போன வருசமே மானம் பொய்ச்சிப் போச்சு. வாத்த தண்ணியைத் திருப்பி வாங்கினா இந்த வருசமாச்சும் பேயுமா?"

மங்கம்மாள் தன் அண்ணனைத் தேடினாள். பாண்டுரங்கன் கம்பத்துக்குப் பின்னால், வெளிச்சம் படாத இடத்தில் உட்கார்ந்திருந்தான். பதினைந்து நாள் முன்னதாக நட்ட அவன் நெல், சக்கரத்திலிருந்து விழுகிற தண்ணீரில் கதிர் சாய்ந்து நின்றது.

கோபால்சாமி வெகுநேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். அவரும் ஈவிரக்கம் இல்லாதவர் அல்ல.

"ஒரு வழி கீது" என்றார். "பொண்டாட்டி ஊத்தாத தானம் பாதி தானம். ஊத்தினவ மனசில்லாம ஊத்தினேன்னு கோயில் வாசல்ல நின்னு சொன்னா, தானம் செல்லாது. எங்கப்பன் காலத்துல ஒருக்கா நடந்து கீது. மங்கம்மா, அன்னிக்கிச் செம்பைச் சாய்ச்சவ நீதான்?"

"நாந்தாங்க."

"மனசில்லாமதான் ஊத்தினியா? யோசிச்சிச் சொல்லு. ஆத்தா வாசல் இது."

மங்கம்மாள் எழுந்து நின்றாள். மடியிலிருந்த புளி உதிர்ந்தது. சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. ஆமாங்க. அதைச் சொன்னால் நாளைக்குக் காலையில் அந்தக் கல்லைப் பெயர்க்கலாம். ஏழு படி நெல்லுக்கு ஒரு பொய்யை ஆத்தா பொறுக்க மாட்டாளா என்று நினைத்துக்கொண்டாள். வாயைத் திறந்தாள்.

"போட்டோ கீதே" என்றான் பாண்டுரங்கன் இருட்டிலிருந்து.

"இன்னா போட்டோ?"

"விடுதியில மாட்டி கீதே. அன்னிக்கி சார் புடிச்சது." அவன் யாரையும் பார்க்காமல் சொன்னான். "அதுல மூஞ்சி தெரியுது."

"அண்ணே" என்றாள் மங்கம்மாள்.

யாரோ போய் எடுத்துவந்தார்கள். கண்ணாடி போட்ட சட்டம். கோபால்சாமி அதை விளக்கடியில் சாய்த்துப் பார்த்தார். பிறகு மங்கம்மாளிடம் நீட்டினார்.

அந்தப் படத்தை அவள் கிட்டத்தில் பார்த்ததே இல்லை. விடுதியில் உத்திரத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார்கள். கண்ணாடியின் பளபளப்புதான் தெரியும். இப்போது கையில் இருந்தது. சிங்காரம் இரண்டு கையையும் சக்கரத்தின் மேல் நீட்டியபடி, கல் மாதிரி விறைத்து நிற்கிறான். பக்கத்தில் அவள், தலையில் முந்தானை நழுவி, செம்பைச் சாய்த்துக்கொண்டு, கடைவாய்ப் பல் தெரியச் சிரிக்கிறாள். விழுகிற தண்ணீர் வெள்ளைக் கம்பியாகப் படத்தில் நிற்கிறது.

அந்த நாள் அவளுக்கு ஞாபகம் வந்தது. அன்று காலையில் புதுப்புடவை. ஊரே சுற்றி நின்றது. தன் வீட்டுத் தண்ணீர் ஊருக்கெல்லாம் விளக்கு எரிக்கப்போகிறது என்று எதிரே வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். ஊற்றி முடித்ததும் பல்ப் எரிந்தபோது அவள்தான் முதலில் கத்தினாள்.

"இன்னா சொல்றம்மா?" என்றார் கோபால்சாமி.

படத்திலிருந்து கண்ணை எடுக்காமல் மங்கம்மாள் சொன்னாள். "சந்தோசமாத்தாங்க ஊத்தினேன்."

அருணகிரி ஏதோ பேச வந்தார். கோபால்சாமி கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்தினார். கூட்டம் கலைந்தது. போகும்போது ராணியம்மாள் சிந்திக்கிடந்த புளியைப் பொறுக்கி மங்கம்மாள் முந்தானையில் கட்டிவிட்டாள்.

வீட்டுக்குப் போகிற வழியில் சிங்காரம் கேட்டான். "சொல்லியிருக்கலாமே, மே?"

"சொல்லத்தான் எழுந்தேன். என் மூஞ்சியே வந்து எனக்கு எதுரா சாட்சி சொல்லுச்சே. இன்னா பண்ண?"

*

அதற்குப் பிறகு மங்கம்மாள் குடம் எடுத்தாள். வாய்க்காலில் மொள்ளக் கூடாது. மேலே பாறைக்கு அடியில் ஒரு குட்டை இருந்தது. ஓடையோடு சேராத ஊற்று. அங்கிருந்து கழனிக்கு முந்நூறு அடி, செங்குத்து. விடிந்ததிலிருந்து வெயில் ஏறும்வரை நாற்பது நடை. நாற்பது குடமும் மேல்படியின் ஒரு மூலையை நனைத்தது. வெடிப்பு குடித்தது போக மேலே ஈரம்கூட நிற்கவில்லை. நாலாம் நாள் குட்டை சேறானது. வடித்து வடித்து மொண்டாள். ஆறாம் நாள் தவளைகள் போய்விட்டன.

"ஒரு வெட்டு வெட்டுய்யா" என்றாள் ஒருநாள், பலகையைத் தூக்கப் புறப்பட்டவனிடம். "வெடியக் கருக்கல்ல வெட்டி, வெயில் ஏறச்சே அடைச்சிரு. யாரு பாக்கறாங்க?"

"தொட்டி ரொம்பாதுமே. நாலு மணி நேரம் எரியற லைட்டு ரெண்டு மணி நேரத்துல அவிஞ்சிரும். ஊரே எழுந்து வரும். காவல் யாரு? நானு." அவன் வாசலிலேயே நின்றான். "என் கையால பூசினேன், என் கையால தொறந்து வுடறேன், என் கழனியை நானே கொல்றேன். வேற ஆள் வெச்சிக்குங்கன்னு சார்கிட்ட சொன்னேன். கூலியும் வுட்டுட்டு இன்னா தின்னுவ சிங்காரம்னு கேட்டாரு. அவரு கேக்கறதும் ஞாயந்தான்."

எல்லாரும் சொல்வது நியாயமாகவே இருந்தது. மங்கம்மாளுக்குத் திட்ட ஆள் கிடைக்கவில்லை.

ஒன்பதாம் நாள் ஒரு மணியைக் கிள்ளினாள். பால் வரவில்லை. இன்னொன்று. இன்னொன்று. மணிகள் நகத்தில் பொடிந்து உமியாக உதிர்ந்தன. ஏழு படியிலும் இறங்கிக் கிள்ளிப் பார்த்துவிட்டு, கடைசிப் படியில் உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்த்தால் கீழே அண்ணன் கழனி தெரியும். மஞ்சள் பிடித்துவிட்டது.

மறுநாள் பதரோடு அறுத்து மாட்டுக்குப் போட்டாள். மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் தின்றது.

சித்திரை நாலாம் தேதி பாண்டுரங்கன் வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை.

"அறுப்புக்கு ஆள் பத்தல மங்கம்மா. ஒடுகத்தூர்ல கல்லுடைக்கப் பூட்டாங்க எல்லாம். நீ வந்தீன்னா… கூலி நெல்லு மத்தவங்களுக்குக் குடுக்கறதைவிட ஒரு படி சேத்துத் தர்றேன்."

"அன்னிக்கி ஏன் அண்ணே அப்பிடி சொன்ன?"

அவன் துண்டால் கழுத்தைத் துடைத்தான். "என் வூட்டுலயும் குதிர் காலிதான் மங்கம்மா" என்றான்.

அவள் அரிவாளை எடுத்துக்கொண்டு அவன் பின்னால் நடந்தாள்.

இரண்டு நாள் அறுத்தாள். கதிர் கனமாக இருந்தது, கைப்பிடியில் சரசரத்தது. இரண்டாம் நாள் கட்டு அடித்து முடித்து, கூலி நெல்லைப் படியால் அளந்து மூட்டை கட்டும்போது கிழக்கே வானம் கறுத்தது. முதலில் காற்று. பிறகு கல் மாதிரி நாலு துளி. அதன் பிறகு பேச்சுக் கேட்கவில்லை.

கோயில் மண்டபத்தில் ஒதுங்கியவர்கள் கத்திப் பேசிக்கொண்டார்கள். தலைக்குமேல் மூட்டையும் அதன்மேல் சாக்குமாக நனைந்து வந்த மங்கம்மாளைப் பார்த்ததும் கோபால்சாமி எழுந்து நின்றார்.

"பாத்தியா தாயே! திருப்பி வாங்காததுக்குத்தான் ஆத்தா கண்ணைத் தொறந்துட்டா. நீ உண்மை சொன்ன, ஊர் நனைஞ்சிச்சு."

ராணியம்மாள் மழையில் இறங்கிவந்து அவள் கன்னத்தை வழித்து நெற்றியில் விரல் மடக்கினாள். மங்கம்மாள் தலையாட்டினாள். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் கழனியைக் கடந்தாள். ஏழு படியிலும் தண்ணீர் நிரம்பி, தாள்களின் மேலே ஏறி, வரப்பு வழிந்து இறங்கிக்கொண்டிருந்தது.

சிங்காரம் வாசலில் சக்கர வீட்டுச் சாவியோடு நின்றான். "தொட்டி பொங்கி வழியுதுமே. இலையும் சேறுமா வருது. கொழா வாயில போட்ட வலையில அடைச்சிக்காம நின்னு தள்ளணும். வர நேரமாவும்." சொல்லிவிட்டு மழைக்குள் போனான்.

மங்கம்மாள் இருட்டில் முடியை உதறிக்கொண்டு நின்றாள். மூட்டையை அவிழ்த்துக் கூலி நெல்லைக் குதிருக்குள் கொட்டினாள். கொட்டிய சத்தம் சீக்கிரமே நின்றுவிட்டது. காலிக் குதிரில் கொட்டினால் அப்படித்தான் கேட்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

அப்போது பல்ப் எரிந்தது. மாசியிலிருந்து நெருப்புக்கங்கு மாதிரிச் சிவந்து கிடந்த பல்ப், இன்று குழாய் நிறையத் தண்ணீர் விழுந்ததில் வெள்ளை வெளேரென்று எரிந்தது. சுவரில் பல்லி ஓடியது தெரிந்தது. உத்திரத்துப் புகைக்கரி தெரிந்தது. அவள் குதிரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். இத்தனை வருஷமாகக் கைவிட்டுத் தடவியே பழகிய குதிரின் உள்பக்கம் அடிவரைக்கும் நன்றாகத் தெரிந்தது.

நடுவில் நெல் ஒரு சின்னக் குவியலாகக் கிடந்தது. சுற்றிலும் மண்.